வேண்டாமென்று யார் சொன்னது?

சான் டியாகோ
ஆகஸ்ட் 14, 1994

அன்புள்ள லோலே,

நானும் ஜோவாக்கினும் பிள்ளைகளும் நலம். அவருக்கு முதுகுவலிதான் விட்டபாடில்லை. கப்பற்படையில் இத்தனை வருஷம் குனிந்து நிமிர்ந்தவருக்கு வேறென்ன மிச்சம் இருக்கும்? அம்மாவின் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் பெனீட்டோவுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்களா? டெலியாவின் இடது கால் இப்போது எப்படி?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. உன் வீட்டுப் போன் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்டு, பெரியம்மா கேட்டு, சாயங்கால ஜெபமாலை முடிவதற்குள் பாதிக் குவாமுக்குத் தெரிந்துவிடும். இது உனக்கு மட்டும்.

நவம்பரில் டெலியாவுக்கு மூன்று வயது ஆகிறது. அன்றோடு வீட்டுக்கு வந்து அவளுக்குக் காலும் பேச்சும் பழக்குகிற டீச்சர் நின்றுவிடுவார், அது உனக்குத் தெரியுமா? இந்த மாதிரிக் குழந்தைகள் மூன்று வயது வரைக்கும் அந்த டீச்சரை அனுப்புகிறவர்கள் பொறுப்பு, மூன்றிலிருந்து பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. சட்டம் இங்கே எப்படியோ குவாமிலும் அப்படித்தான். ஆனால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குக் குழந்தை தானாக மாறிவிடாது. அதற்கு முன்னால் ஒரு கூட்டம் போடுவார்கள். குழந்தைக்கு என்னென்ன வேண்டுமென்று நீதான் அதில் பேசியாக வேண்டும். என் பக்கத்து வீட்டுச் சமோவாக்காரி ஃபெடு அப்படி வாயைத் திறந்து கேட்டுத்தான் தன் மகனுக்குப் பள்ளியில் இடம் வாங்கினாள். இப்போது அவன் தானே சட்டையைக் கழற்றி எறிகிறான். போடத்தான் இன்னும் வரவில்லை. கேட்காமல் விட்ட இன்னொருத்தியின் பிள்ளை ஐந்து வயது வரைக்கும் டிவி முன்னால் கிடந்தது.

கூட்டத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருக்காதே. உன்னை எனக்குத் தெரியாதா? கடைக்காரன் அழுகிய தக்காளி கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு வருகிறவள் நீ. இது தக்காளி இல்லை. அன்றைக்கு விட்டால் ஐந்து வயது வரைக்கும் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. கேட்டு வாங்கு.

அம்மாவுக்கு என் வணக்கம். டெலியாவின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று.

உன் அக்கா,
ஃபெலிசா


குவாம்
அக்டோபர் 3, 1994

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். அத்தானின் முதுகுக்கு அம்மா ஏதோ எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். புயல் நம்மை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டது. முற்றத்து ஈரப்பலாவில் ஒரு கிளை விழுந்ததோடு சரி. பெனீட்டோவுக்கு இன்னும் இரவு ஷிப்ட்தான்.

டெலியா இப்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! காலுக்கு முட்டுக்கொடுக்கும் பட்டையை மாட்டினால் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிடுகிறாள். டீச்சர் மிஸ் லிகாயா செவ்வாயும் வெள்ளியும் வந்து தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, அவள் அழ அழக் காலை நீட்டி விடுகிறார். முதலில் அம்மாவுக்கு அந்தப் பிலிப்பினோக்காரியைக் கண்டாலே ஆகாது. இப்போது அவருக்கென்று தனியாகச் சிவப்புச் சோறு எடுத்து வைக்கிறாள். டெலியாவுக்கு இன்னும் சோறு வேண்டுமென்றால் இரண்டு கை விரல் நுனிகளையும் ஒன்றோடொன்று தட்டுகிறாள். மிஸ் லிகாயா சொல்லிக்கொடுத்தது. நாள் பூராவும் தட்டிக்கொண்டேதான் இருக்கிறாள், உன்னைப் போலத் தீனிக்காரி.

கூட்டம் போன வாரம் முடிந்தது. நல்லபடியாகவே நடந்தது. குழந்தை இன்னும் சின்னவள், இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்று எல்லாரும் பேசி முடிவெடுத்தோம். அலுவலகத்து அம்மாள் ரொம்ப அன்பாகப் பேசினார். நீ கவலைப்படாதே.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தங்கை,
லோலே


சான் டியாகோ
அக்டோபர் 19, 1994

லோலே,

சுகம்தானே? நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாரும் என்றால் யாரடி? ஒரு பக்கம் முழுக்கப் பெஞ்சையும் சோற்றையும் எழுதிவிட்டு, கூட்டத்துக்கு நாலே வரி! மிஸ் லிகாயா என்ன சொன்னார்? அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருப்பார்களே. நீ என்ன சொன்னாய்? அதைத்தான் காணோம்.

அந்த அலுவலகத்து அம்மாளுக்குப் பேர் ஊர் ஒன்றும் கிடையாதா? அன்பாகப் பேசினாராமே! அன்பு யாருக்கு வேண்டும்? காலை நீட்டிவிட ஆள் வேண்டும், பேசக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். யாரோ ஒருத்தி இனிக்க இனிக்கப் பேசினாள் என்று குழந்தையின் வழியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். திரும்பப் போ. மனம் மாறிவிட்டது என்று சொல், இன்னொரு கூட்டம் போடச் சொல். முடியாதென்று அவர்கள் சொல்ல முடியாது, ஃபெடுவிடம் கேட்டுவிட்டேன். அந்தப் பொம்பளை முறைத்தால் நீயும் முறை. அவள் என்ன உன்னைப் பெற்றாளா, வளர்த்தாளா?

நவம்பருக்கு முன்னால் செய். எனக்கு உடனே பதில் போடு.

ஃபெலிசா


குவாம்
நவம்பர் 27, 1994

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். அம்மா சுகம். பெனீட்டோ சுகம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டெலியாவின் பிறந்தநாள் வந்து போயிற்று. முற்றத்தில் பந்தல் போட்டோம், பெனீட்டோ கோழி சுட்டார், நான் அதை எலுமிச்சையும் தேங்காயும் போட்டுக் கலந்தேன். ஊரே வந்து சாப்பிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் மிஸ் லிகாயா கடைசியாக வந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "லோலே, நான் கூட்டத்துல சொன்னதெல்லாம் சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை டெலியா தானாகவே பாய் கிடக்கிற மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, அக்கா.

அலுவலகத்து அம்மாளுக்குப் பேர் கிடையாதா என்று கேட்டாயே. உண்டு. தோமாசா. நம் நீனா தோமாசா. உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய உன் ஞானத்தாய். இரண்டு வருஷமாகத் தெற்குக் கரை ஊர்களுக்கெல்லாம் அவள்தான் இந்தக் கூட்டங்களை நடத்துகிறாள்.

உள்ளே போனதும் கையை நீட்டினாள். குனிந்து முத்தமிட்டேன். அதற்கப்புறம் நான் அங்கே டெலியாவின் அம்மா இல்லை, அவள் மடியில் வளர்ந்த பெண்ணாகிவிட்டேன். மிஸ் லிகாயா பேசினார். தினமும் பள்ளி வேண்டும், கால் பயிற்சி நிற்கக்கூடாது, பேச்சுப் பயிற்சியும் வேண்டும் என்றார். நீனா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "பச்சப் புள்ளைய எதுக்கும்மா மலை தாண்டி பஸ்ல அனுப்பறது? வீட்ல அம்மா இருக்கா, சொந்தபந்தம் இருக்கு. எச்சில் ஒழுகிக்கிட்டு உக்காந்திருக்கறத ஊரு பாத்துப் பேசணுமா? அஞ்சு வயசுல பாத்துக்கலாம். என்ன மகளே?"

நான் என்ன செய்வேன்? புருவத்தைத் தூக்கினேன். பெரியவர்கள் கேட்டால் நாம் எல்லாரும் செய்கிறதுதானே! சரியென்றும் அதுதான், காதில் விழுந்தது என்றும் அதுதான், இருக்கிறேன் நீனா என்றும் அதுதான். குடும்பம் வேண்டாமென்றது என்று எழுதி முடித்துவிட்டார்கள். கீழே நான் கையெழுத்தும் போட்டேன்.

அவள் என்னைப் பெற்றாளா வளர்த்தாளா என்று கேட்டிருந்தாய். அப்பா செத்த வருஷம் நம் அடுப்பை எரிய வைத்தவள் யார் என்று உனக்கே தெரியும். இப்போது சொல், நீயாக இருந்தால் எப்படி முறைத்திருப்பாய்? என்ன சொல்லியிருப்பாய்? அதை எழுது. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
லோலே


சான் டியாகோ
ஜனவரி 8, 1995

அன்புள்ள லோலே,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸ் வேலையில் எழுத முடியாமல் போயிற்று, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம், நீங்களும் நலம்தானே? பார்சலில் டெலியாவுக்கு இரண்டு கவுன், அம்மாவுக்குக் குளிர்சட்டை. குவாமில் எதற்குக் குளிர்சட்டை என்று திட்டுவாள், கோவிலில் ஏசி போட்டிருக்கிறார்களாமே, அங்கே போட்டுக்கொள்ளட்டும்.

நீ எழுதியதைப் பற்றி யோசித்தேன். நீனா நமக்குத் தாய் மாதிரி. அவள் ஒன்று சொன்னால் யோசிக்காமல் சொல்லமாட்டாள். சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வந்தால் லேசில் ஆறாது. எல்லாக் குழந்தைக்கும் எல்லாமே பள்ளியில்தான் வரவேண்டும் என்று இல்லை. வீட்டுச் சூழல் நல்லதுதான். அம்மா இருக்கிறாள், நீ இருக்கிறாய். கொஞ்சம் பொறுமையாக இரு.

ஈஸ்டருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

அன்புடன்,
ஃபெலிசா


குவாம்
பிப்ரவரி 5, 1995

அக்கா,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் இல்லை. டெலியா இப்போது பெஞ்சைப் பிடித்து நிற்பதில்லை. காலுக்குப் போட்ட பட்டை சின்னதாகிவிட்டது. தோலில் அச்சு விழுந்து சிவந்தது, நான் கழற்றி வைத்துவிட்டேன். புதுசு அளவெடுக்க யாரைக் கேட்பது? மிஸ் லிகாயா வர முடியாது, பள்ளிக்கோ டெலியா யாரோ. முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நான் நீட்டினால் வீறிடுகிறாள்.

சரி, அதை விடு. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஏபில் என்று ஒருத்தி, பலாவ் தீவுக்காரி. வாய் நிறைய வெற்றிலைப் பாக்கு, ஊருக்கே கேட்கிற குரல். அவள் மகளுக்கும் டெலியா மாதிரியே கால். அது பாட்டுக்கு நடைவண்டி பிடித்து நடந்து வருகிறது! எந்த டாக்டர் என்று கேட்டேன். "டாக்டரா? பள்ளிக்கூடம். மூணு வயசு ஆன மறுநாளே பஸ் வந்துருச்சு" என்றாள். எந்த ஊர் என்றேன். நமக்கு அடுத்த ஊர், அக்கா. அதே நீனாதான் அவளுக்கும் கூட்டம் நடத்தினாளாம்.

"உங்ககிட்ட வீட்டிலேயே வெச்சுக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்களே! நான் அவங்களுக்கு என்ன முறை? தலைகீழா நின்னாலும் வேணும்னேன். குடுத்துட்டாங்க."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பலாவுக்காரி குழந்தைக்குப் பள்ளி. சூக் தீவுக்காரன் குழந்தைக்குப் பள்ளி. படைத்தளத்து வெள்ளைக்காரிகள் குழந்தைகளுக்குப் பள்ளி. சித்தி மகள் குழந்தை வீட்டில். உபதேசியார் பேரன் வீட்டில். என் குழந்தை வீட்டில். நீனாவின் கையை முத்தமிடுகிறவர்கள் பிள்ளைகள் மட்டும் வீட்டில்! பஸ்ஸுக்கு ஆள் போதவில்லை, வகுப்பில் இடம் போதவில்லை என்று அவள் மேலிடத்தில் சொல்லிப் போராட வேண்டாம் பார். நம்மைப் பார்த்து ஒரு சிரிப்பு, ஒரு மகளே. வேலை முடிந்தது. நம் மரியாதையை எடுத்து நம் பிள்ளைகள் தலையிலேயே போட்டிருக்கிறாள்.

இன்னொன்று. கோவிலுக்குப் பின்னால் நீனாவின் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பன்றிக் கொட்டகை போடப்போகிறார்களோ என்று கேட்டேன். வெட்டுகிறவன் சிரிக்கிறான். "உங்க அக்காவுக்கு வீடு கட்ட. போன வருசமே நீனா குடுத்துட்டாங்களே, உங்களுக்கு எழுதலையா?"

எழுதவில்லை. தக்காளிக்கும் குளிர்சட்டைக்கும் இடமிருந்த உன் கடிதங்களில் அதற்கு இடமில்லை. பொறுமையாக இரு என்று எழுதினாயே, யாருக்காக? யாரோ ஒருத்தியாக இருந்தவரைக்கும் முறைக்கச் சொன்னாய். நீனா என்றதும் வீட்டுச் சூழல் நல்லதாகிவிட்டது. நான் வாய் பேசாதவள்தான். எனக்கு நீ சொல்லிக்கொடுத்தாயே, அந்த வாயை நீ எங்கே வைத்தாய்?

லோலே


சான் டியாகோ
பிப்ரவரி 26, 1995

லோலே,

ஆமாம், நிலம்தான். சொல்லிவிட்டேன், போதுமா?

உனக்கு அம்மா வீடு கிடைத்தது. அப்பாவின் நிலம் படைத்தளத்து வேலிக்குள் போய்விட்டது, எனக்கு என்ன இருக்கிறது? பத்தொன்பது வருஷமாக வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூட யாரையோ கேட்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு நம் மொழியில் திட்ட மட்டும்தான் தெரியும். அவர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஊரில் புதைய வேண்டும் என்கிறார், புதைவதற்கு முன்னால் கொஞ்ச காலம் நான் அங்கே இருக்கக்கூடாதா? நீனா ஒருத்திதான் "வா மகளே, என் இடத்துல கட்டிக்கோ" என்றாள். நீ சொன்னாயா? பெனீட்டோ சொன்னாரா?

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் அம்மா ஏதாவது சொல்லுவாள், நீ முகத்தைத் தூக்குவாய், ஊர் பேசும். அதனால்தான். டெலியாவின் கூட்டத்தில் நீனா இருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஜோவாக்கினைக் கேள்.

உன் மகளுக்காக நீ பேசுவதை நான் தடுக்கவில்லை. என் பேரை மட்டும் அதில் இழுக்காதே. இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபெலிசா


குவாம்
மார்ச் 26, 1995

அக்கா,

அத்தானின் முதுகு தேவலையா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

உன் பேரை இழுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

நான் மறுபடி போடச் சொன்ன கூட்டம் வியாழக்கிழமை நடந்தது. பெனீட்டோ வர மறுத்துவிட்டார். "உங்க சொந்தக்காரச் சண்டை, என்னை விடு" என்று தூங்கப் போய்விட்டார். நான் ஏபிலைக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிப் போகலாமாம். உள்ளே போகும் முன்னால் அவளிடம் சொன்னேன், "நான் வாயடைச்சுப் போயிட்டா என் காலை மிதி."

நீனா கையை நீட்டினாள். முத்தமிட்டேன். மரியாதையில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"வா மகளே. பேசி முடிச்ச விசயம்தானே, மறுபடி எதுக்கு எல்லாரையும் அலைக்கழிக்கறே?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏபில் மிதித்தாள் பார், இன்னும் நகம் கறுத்துக் கிடக்கிறது.

"நீனா, என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் வேணும்."

"யாருடி சொல்லிக் குடுத்தா? இந்தப் பாக்குவாயா?"

"என் பொண்ணு காலு சொல்லிக் குடுத்துச்சு. நிமிர மாட்டேங்குது, வந்து பாரு."

பெரிய அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், வெளியூர்க்காரன், டை கட்டியவன். அவன் முன்னால் நீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நம் மொழிக்கு மாறினாள். "வெளியாளு முன்னாடி நம்ம வீட்டு அழுக்கை விரிக்காதடி."

"அவ அழுக்கு இல்ல நீனா. என் பொண்ணு."

"உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன். ஊரு சிரிக்கும்."

"சிரிக்கறவங்க பேரைச் சொல்லு. நான் போய்ப் பேசிக்கறேன்."

அந்தப் பையன் என்னைக் கேட்டான், அப்படியானால் செப்டம்பரில் ஏன் வேண்டாமென்றீர்கள் என்று. அக்கா, எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "நான் வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. இவங்க என் பெரியவங்க. இவங்க கேட்டா நாங்க புருவத்தைத் தூக்குவோம். மறுத்துப் பேசிப் பழக்கம் இல்ல. அதைச் சம்மதம்னு எழுதிட்டீங்க. எனக்கு மட்டும் இல்ல, எங்க சொந்தத்துல ஒவ்வொரு வீட்லயும் போய்க் கேளுங்க" என்றேன். அவன் நீனாவைப் பார்த்தான். நீனா மேஜையைப் பார்த்தாள். மிஸ் லிகாயாவும் வந்திருந்தார், மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார், எனக்கு அதற்கும் எரிச்சலாக வந்தது.

கொடுத்துவிட்டார்கள். தினமும் பள்ளி, கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, வீட்டு வாசலிலிருந்து பஸ். ஈஸ்டர் முடிந்து ஆரம்பம். கேட்டதும் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட வேண்டும். அதுதான் என்னைக் கொல்கிறது. இவ்வளவுதானா? ஒரு தடவை வாயைத் திறக்கிற வேலைதானா? கால் பார்க்கிறவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், தசை இறுகிவிட்டது, பழையபடி பெஞ்சுவரைக்கும் வரவே மாசக்கணக்கில் ஆகும், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம் என்று. நவம்பரில் நின்றவள். அந்த மாசங்களை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? நீனா தருவாளா, நீ தருவாயா?

அம்மா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட டெலியாவிடம் கேட்கிறாள். டெலியா விரலைத் தட்டுகிறாள், நான் உப்பை எடுத்து வைக்கிறேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீனா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. சட்டி சட்டியாகச் சோறு மிஞ்சியது.

லோலே


சான் டியாகோ
ஏப்ரல் 16, 1995

அன்புள்ள லோலே,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். எல்லாரும் நலமா? நாங்கள் நலம். வீட்டு வரைபடம் வந்துவிட்டது. மூன்று படுக்கையறை, புயலுக்குத் தாங்க முழுக்கக் கான்கிரீட், பின்னால் பெரிய வெளி அடுக்களை. விருந்து என்றால் இனிமேல் என் வீட்டில்தான். ஆகஸ்டில் வந்துவிடுவோம். சாமியார் வந்து வீடு மந்திரிக்கும் அன்றைக்கு உன் கைக் கோழி வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு நீனாவும் நீயும் பேசிச் சமாதானமாகிவிட வேண்டும், என் ஆசை அது ஒன்றுதான்.

அம்மாவின் மருந்தை நிறுத்த விடாதே.

அன்புடன்,
ஃபெலிசா


குவாம்
மே 7, 1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். எல்லாரும் சுகம். மூன்று படுக்கையறை, கான்கிரீட், வெளி அடுக்களை எல்லாம் படித்தேன். டெலியா பேரைத் தேடினேன், இல்லை.

அவள் பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் பஸ்ஸில் தூக்கி வைத்ததும் ஊரைக் கூட்டினாள். இப்போது சனிக்கிழமையும் வாசலுக்குத் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டு, பஸ் வரவில்லை என்று என்னை அடிக்கிறாள். புதுப் பட்டைக்கு அளவெடுத்திருக்கிறார்கள். இன்னும் நிற்கவில்லை.

நேற்று பின்வாசலில் ஒரு நிழல். வெரோனிக்கா. நீனாவின் மருமகள். இடுப்பில் அவள் மகள் ஜனெல். நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, யாரும் பார்க்காமல் வாழைத் தோட்டத்து வழியாக வந்திருக்கிறாள். ஜனெலுக்குக் கூச்ச சுபாவம், ஆட்களைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் என்றுதானே நமக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள்? ஜெபமாலைக்குப் போனால் பின்னறையில் இருக்குமே. அதற்குக் காது கேட்காது, அக்கா. பிறந்ததிலிருந்து கேட்காது. வெரோனிக்காவின் கூட்டத்தை நடத்தியவளும் நீனாதான். சொந்தப் பேத்திக்கும், "வீட்டிலேயே இருக்கட்டும். என்ன மகளே?"

அம்மாவிடம் சொன்னேன். வாய் திறந்துவிட்டாள். "பாவம்டி தோமாசா. அவ வஞ்சகமா பண்ணலை பாரு, தன் பேத்தியையும் அப்படித்தானே வெச்சிருக்கா" என்றாள். நான் பாவப்பட வேண்டுமாம். எனக்கு வரவில்லை. வேலைச் சுமைக்காகச் செய்தாள் என்று நினைத்தபோதே கொதித்தேன். உண்மையாகவே நம் பிள்ளைகளை ஒளித்து வைக்க வேண்டியவர்கள் என்று நம்பித்தான் செய்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகு இன்னும் கொதிக்கிறேன். அந்தக் குழந்தைக்கு ஒரு சைகைகூடத் தெரியாது. என் டெலியா அதைப் பார்த்து விரல் தட்டினாள். அது பேய் முழி முழித்தது.

வெரோனிக்கா கேட்டாள், "எனக்காக நீங்க வந்து பேசறீங்களா, லோலே?"

"நான் பேசமாட்டேன். நீ பேசு. நான் பக்கத்துல உக்காந்து காலை மிதிக்கறேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை கூட்டம். எதிரில் அவள் மாமியார் உட்கார்ந்திருப்பாள். போகிறோம்.

நீ வா, வீட்டைக் கட்டு. உன் விருந்துக்குக் கோழி சுட்டுத் தருகிறேன், அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் சமாதானத்துக்கு என்னைக் கூப்பிடாதே. டெலியா நின்ற பிறகு யோசிக்கலாம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை பெரியம்மாவைக் கேட்டதாக எழுது என்கிறாள். குழந்தை கேட்கவில்லை, அக்கா. அவளுக்கு உன்னைத் தெரியாது. வந்த பிறகு உன்னைப் பார்த்து அவளே முடிவு செய்யட்டும்.

உன் தங்கை,
லோலே